மழலையைத் திருத்தப் போய் நாம் செய்யும் தவறுகள்

கீழக்கரைப் பிள்ளை ‘உம்மா, வாப்பா’ என்று தொடங்கும். பாம்பன் பிள்ளை ‘அம்மா, அப்பா’ என்று. இரண்டிலும் வேலை உதட்டுக்குத்தான். ப, ம முதலில் வருவதும், நாக்கை மடித்தும் அதிரவைத்தும் சொல்ல வேண்டிய ழ, ர, ற பிந்தி வருவதும் இயல்பு. அடிநாக்கில் பிறக்கும் ‘க’ வராதவரை கடல் ‘தடல்’தான், கணவாய் மீன் ‘தனவாய்’தான்.

கொஞ்சுவதாக நினைத்து நாமும் “தடலுக்குப் போவமா?” என்று கேட்பது பெரிய தவறு. நானும் கேட்டேன். “தடல் இல்லம்மா, தடல்!” என்று மகள் அழாத குறை. காதுக்கு வித்தியாசம் தெரிகிறது, நாக்குக்குத்தான் இன்னும் பிடிபடவில்லை. மீன் பொம்மையை ‘ஃபிஸ்’ என்று சொன்ன ஓர் அமெரிக்கச் சிறுவனும் இப்படித்தான்: மற்றவர்கள் ‘ஃபிஸ்’ என்றால் மறுப்பான், ‘ஃபிஷ்’ என்றால்தான் ஒப்புக்கொள்வான். ஜீன் பெர்கோவும் ரோஜர் பிரவுனும் 1960-ல் இதை எழுதினார்கள்.

அதற்காக விருந்தாளி முன் நிறுத்தி, “எங்க, ‘க’ சொல்லு, திரும்பச் சொல்லு” என்று படுத்தவும் கூடாது. கூச்சத்தில் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். “தடல்ல அலை” என்றால், “ஆமா, கடல்ல எம்புட்டு அலை!” என்று பதில் பேசினால் போதும். சரியான ஒலி காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும்.

‘வாளப்பளம்’ என்பதைப் பேச்சுக் குறையாக எண்ண வேண்டாம். நம் பக்கத்தில் பெரியவர்கள் பலர் பேசுவதே அப்படித்தான்; கேட்டதைப் பிள்ளை சொல்கிறது.

எனக்கு மிகவும் வலிப்பது, ‘நாக்கு தடிச்சிருக்கு’ என்று வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்ப்பது. அதனால் ‘ர’ வராது. பார்க்க வேண்டியது காதை. சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்தால் பேச்சு மங்கலாகத்தான் கேட்கும். மங்கலாகக் கேட்டதை எப்படித் தெளிவாகச் சொல்லும்? காதில் சீழ் வடிந்தால் எண்ணெய் ஊற்றாமல் மருத்துவரிடம் போங்கள்.

“அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு” என்று காத்திருப்பதற்கும் அளவுண்டு. 3 வயதில் பிள்ளை பேசுவதில் முக்கால்வாசி வெளியாளுக்குப் புரிய வேண்டும். 4 வயதில் ஏறக்குறைய எல்லாமே. புரியாவிட்டால் அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத பிள்ளை என்றால், ஒரு வயதுக்குள்ளேயே கிளம்பிவிடுங்கள்.