நாயை போர்டிங்கில் விட எவ்வளவு ஆகும்? டெல்டாக்காரர்கள் கணக்குப் போடும் முறை

சென்னையில் கல்யாணம், நாலு நாள் போகவேண்டும். வீட்டில் நாய் இருக்கிறது. ஊருக்குப் போகும் நாட்களில் காசு வாங்கிக்கொண்டு நாயைப் பார்த்துக்கொள்ளும் போர்டிங் ஒன்றின் நம்பரை யாரோ தருகிறார்கள், போன் செய்கிறோம், "ஒரு நாளைக்கு ஐநூறு சார்" என்கிறார்கள். நாலு நாளுக்கு இரண்டாயிரம் என்று மனதுக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். திரும்பி வந்து பணம் கட்டும்போது அது மூவாயிரம் ஆகியிருக்கும். பெரும்பாலும் இதில் ஏமாற்று எதுவும் இருக்காது. கேட்கவேண்டியதை முதல் போனிலேயே கேட்கவில்லை, அவ்வளவுதான். முதல்முறை விடப்போகிறவர்கள் என்னென்ன கேட்கவேண்டும் என்று இங்கே வரிசையாகச் சொல்கிறேன். ரூபாய்க் கணக்கெல்லாம் உதாரணத்துக்கு. அந்த இடத்தில் உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரு நாள் என்றால் எத்தனை மணி நேரம்?

முதலில் கேட்கவேண்டியது இதைத்தான். விலையைக்கூட இதற்கு அப்புறம் கேட்கலாம். சில இடங்களில் காலண்டர் நாள் கணக்கு: காலையில் விட்டாலும் ராத்திரி எட்டு மணிக்கு விட்டாலும் அன்றைக்கு ஒரு நாள். சில இடங்களில் லாட்ஜ் ரூம் போல 24 மணி நேரக் கணக்கு. வேறு சிலர் ராத்திரிகளை மட்டும் எண்ணுவார்கள்.

ஒரு கும்பகோணம் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை காலை 8 மணிக்கு நாயை விடுகிறார்கள். திங்கள் ராத்திரி 9 மணிக்குத்தான் ஊர் திரும்புகிறார்கள். போர்டிங்கோ மாலை 6 மணிக்கே மூடிவிடுகிறது. ஆக, செவ்வாய் காலை 8 மணிக்குத்தான் நாயைக் கூப்பிட்டு வரமுடியும்.

முதல் இடம் நாளுக்கு 500 ரூபாய், காலண்டர் கணக்கு. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் என ஐந்து நாளுக்கு 2,500. சாப்பாட்டுக்குத் தனியாக நாளுக்கு 100 ரூபாய். மொத்தம் 3,000. இரண்டாவது இடம் 24 மணி நேரத்துக்கு 600 ரூபாய், சாப்பாடு சேர்த்து. வெள்ளி காலை எட்டிலிருந்து செவ்வாய் காலை எட்டு வரை சரியாக நாலு நாள், 2,400. போனில் நூறு ரூபாய் கூடச் சொன்ன இடத்தில்தான் 600 ரூபாய் மிச்சம்.

அதனால், "எப்போது விடலாம், எப்போது எடுக்கலாம், ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா, ஒரு மணி நேரம் தாமதமானால் அடுத்த நாள் கணக்கு ஏறுமா?" என்ற நாலையும் விடாமல் கேளுங்கள். பஸ்ஸோ ரயிலோ ராத்திரி வந்து சேர்வதாக இருந்தால், எடுக்கும் நேரம்தான் உங்கள் செலவைத் தீர்மானிக்கும்.

படி 2: கொண்டுபோய் விடும் செலவு

பெரிய ஊர்களில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நமக்கு அப்படி இல்லை. திருவாரூர், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கம் ஒரு கால்நடை டாக்டரின் கிளினிக்கிலோ நாய் வளர்க்கும் யாராவது ஒருவரின் வீட்டிலோதான் இடம் கிடைக்கும். அதுவும் நிறைந்துவிட்டால் தஞ்சாவூர், இல்லாவிட்டால் திருச்சி என்று போகவேண்டியதுதான்.

கும்பகோணத்திலிருந்து திருச்சி சுமார் 95 கிலோமீட்டர். பலர் இதை இரண்டால் பெருக்குவார்கள். நாலால் பெருக்கவேண்டும்: விடப்போய்த் திரும்புவது ஒரு தடவை, எடுக்கப்போய்த் திரும்புவது ஒரு தடவை. 380 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் என்றால் 25 லிட்டருக்கு மேல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 2,500 ரூபாயைத் தாண்டும், டோல் தனி. திருச்சி விமான நிலையத்துக்கே போகிறீர்கள் என்றால் போகிற வழியில் விட்டு, வருகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம். கூடுதல் செலவு கிட்டத்தட்ட இல்லை. மற்றபடி, உள்ளூரில் நாளுக்கு 300 ரூபாய் அதிகம் கேட்கும் நல்ல இடம் இருந்தால் நான் உள்ளூரைத்தான் சொல்வேன். நாய்க்கும் அலைச்சல் இல்லை.

படி 3: ஊசி நோட்டை எடுத்துப் பாருங்கள்

ஒழுங்கான போர்டிங்கில் ஊசி நோட்டு இல்லாமல் நாயைச் சேர்க்கமாட்டார்கள். நோட்டே கேட்காத இடம் என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். பக்கத்துக் கூண்டு நாய்க்கும் ஊசி போட்டிருக்காது என்றுதானே அர்த்தம்?

ரேபிஸ் ஊசி வருடா வருடம் போட்டிருக்கவேண்டும். அப்புறம் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நாய்களுக்கு வரும் தொற்றுநோய்களுக்கான கூட்டு ஊசி. அந்தக் கூட்டு ஊசியில் எலிக்காய்ச்சலுக்கான மருந்தும் சேர்ந்திருக்கிறதா என்று டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். சுற்றிலும் வயல், வயல் முழுக்க எலி, மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீர் என்று இருக்கும் ஊர் நம்முடையது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்துதான் அந்த நோய் பரவுகிறது, நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். அந்த ஊசியின் பாதுகாப்பு சுமார் ஒரு வருடம்தான். விட்டுப்போய் ரொம்ப நாள் ஆகியிருந்தால் சில வார இடைவெளியில் இரண்டு முறை போடச் சொல்வார்கள். ஊசி போட்ட அன்றைக்கே பாதுகாப்பு வந்துவிடாது. அதனால் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே இந்த வேலையை முடியுங்கள். பல நாய்கள் ஒன்றாக இருக்கும் இடம் என்பதால், கென்னல் இருமலுக்கான தடுப்பு மருந்தையும் சில இடங்களில் கேட்பார்கள்.

செலவைக் குறைக்க வழி இருக்கிறது. அரசு கால்நடை மருத்துவமனையில் விசாரியுங்கள். செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினத்தை ஒட்டி இலவச ஊசி முகாம்கள் நடக்கும். தஞ்சாவூர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரத்தநாடு அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

படி 4: விலைக்குள் எது அடங்கும், எது தனி?

இதில் அதிகம் சிக்கல் தருவது சாப்பாடு. நம் பக்கத்தில் பல வீடுகளில் நாய் சாப்பிடுவது தயிர்சாதம், கொஞ்சம் இட்லி, எப்போதாவது முட்டை. போர்டிங்கில் திடீரென்று கோழியும் சாதமுமாகவோ பாக்கெட் தீவனமாகவோ வைத்தால் இரண்டாம் நாளே வயிற்றுப்போக்குதான். அப்புறம் டாக்டர், மருந்து, கூண்டு கழுவும் கூலி என்று பில் நீளும். "என் நாய் சாப்பிடுவதையே கொடுக்கமுடியுமா, நான் அரிசி கொண்டுவந்து தந்தால் விலையில் குறைப்பீர்களா?" என்று கேளுங்கள். முடியாது என்றால், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அவர்கள் கொடுக்கும் சாப்பாட்டை வீட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள்.

மற்றபடி மாத்திரை கொடுக்க, குளிப்பாட்ட, நடைக்குக் கூட்டிப்போக எல்லாம் தனிக் காசா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பக் மாதிரி தட்டை மூக்கு நாய்க்கு மே மாத வெயிலில் ஏசி ரூம் அவசியம். அந்தக் காசில் சிக்கனம் பார்க்கவேண்டாம். பெண் நாய் ஹீட்டில் (இனச்சேர்க்கைப் பருவத்தில்) இருந்தால் பெரும்பாலான இடங்களில் சேர்க்கமாட்டார்கள். தேதியை முன்கூட்டியே கணக்குப் பாருங்கள்.

தீபாவளி, பொங்கல் சமயத்தில் விலை ஏறும், இடமும் கிடைக்காது. தீபாவளியில் வெடிச் சத்தம் வேறு, அதோடு வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து வரும். நேரில் போய், நாய் படுக்கும் தரை மேடாக இருக்கிறதா, தண்ணீர் ஏறுமா என்று கண்ணால் பாருங்கள்.

படி 5: அட்வான்ஸும் ஆஸ்பத்திரியும்

பயணம் ரத்தானால் அட்வான்ஸ் திரும்ப வருமா என்று கேளுங்கள். புயல் எச்சரிக்கையில் ரயில் ரத்தாவதை நாம் பார்க்கிறோம். நாய்க்கு உடம்பு சரியில்லாமல் போனால் எந்த டாக்டரிடம் கொண்டுபோவார்கள், எத்தனை ரூபாய் வரை உங்களைக் கேட்காமலே செலவு செய்யலாம் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதிக் கொடுங்கள். 2,000 ரூபாயை இதற்கென்று தனியே எடுத்து வையுங்கள்.

படி 6: வீட்டிலேயே விட்டால்?

நாட்டு நாய், வயதான நாய், அந்நியரிடம் ஒட்டாத நாய் என்றால் இதுதான் நல்லது. தெரிந்தவர் ஒருவர் காலை, மாலை வந்து சாதம் வைத்து, கொஞ்ச நேரம் கூட இருந்து போகவேண்டும். "பார்த்துக்கோம்மா" என்று வாய்வார்த்தையில் விடாமல் ஒரு நாளுக்கு இவ்வளவு என்று பேசி, பாதியை முன்பே கொடுத்துவிடுங்கள். காசு வாங்கியவருக்குப் பொறுப்பு இருக்கும், உங்களுக்கும் உரிமையோடு கேட்கமுடியும். கொல்லையில் கட்டிப்போட்டுவிட்டுப் போகாதீர்கள். மழையிலும் அறுப்பு நேரத்திலும் வயலிலிருந்து பாம்பு ஏறிவரும், கட்டியிருக்கும் நாயால் நகரமுடியாது.

கூடவே ரயிலில் கூட்டிப்போக நினைப்பவர்களுக்கு: ஸ்லீப்பரிலோ மூன்றாம் ஏசியிலோ அனுமதி கிடையாது. முதல் வகுப்பில் கூப்பே (இரண்டு பேருக்கான தனி அறை) முழுவதையும் பதிவு செய்யவேண்டும், அல்லது கார்டு இருக்கும் பெட்டியான பிரேக் வேனில் இருக்கும் கூண்டில் அனுப்பவேண்டும். அந்தச் சின்னக் கூண்டில் நாயை அனுப்ப எனக்கு மனம் வராது.

படி 7: எடுக்கும் நாள்

பில்லை நீங்கள் எழுதிவைத்த தாளோடு வரிக்கு வரி ஒத்துப்பாருங்கள். பிறகு அங்கேயே நாயைத் தடவிப்பாருங்கள். காது மடலுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், கால்விரல் இடுக்கில் உண்ணி ஒளிந்திருக்கும். இருந்தால் அவர்களிடமே காட்டுங்கள். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் நாய் சோர்ந்து படுத்தாலோ, சாப்பிட மறுத்தாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். டாக்டரிடம் போகும்போது போர்டிங்கில் விட்டிருந்த தேதியைச் சொல்லி, ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள்.