டெமோ நன்றாகப் போனது, ஆர்டர் ஏன் வரவில்லை?

கோவை, திருப்பூர் பக்கம் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் விற்பவர்களுக்கு இந்த வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும்: "நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி, பார்த்துட்டுச் சொல்றோமுங்க." டெமோ ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்திருக்கும். காபி வந்திருக்கும். முதலாளி வாசல் வரை வந்து வழியனுப்பியிருப்பார். அதற்கப்புறம் போனை எடுக்க மாட்டார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோரும் விலையைத்தான் சந்தேகிப்பார்கள். மேனேஜரிடம் போய், "இன்னும் பத்து சதவீதம் குறைச்சா முடிஞ்சிடும் சார்" என்பார்கள். நான் பார்த்தவரை, பெரும்பாலும் தடை விலையில் இருப்பதில்லை. இது சரியாக ஓடாவிட்டால் நம் லோடு கேட்டிலேயே நின்றுவிடுமே என்பதுதான் அந்த முதலாளியின் மனதில் ஓடுகிறது. அந்தப் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் இன்னொரு ஜி.எஸ்.டி. பதிவுள்ள நிறுவனத்துக்குப் போடும் பில்லை அரசு போர்ட்டலில் பதிந்து ஐ.ஆர்.என். என்ற பில் பதிவு எண் வாங்க வேண்டும். அந்த எண் இல்லாத பில் செல்லாது. பில் போடும் மென்பொருள் ஒரு மத்தியானம் படுத்துவிட்டால் சரக்கு நகராது, லாரிக்காரர் வெயிட்டிங் கேட்பார், சரக்குக்குக் காத்திருப்பவர் போனில் சத்தம் போடுவார்.

நம்மைப் பொறுத்தவரை விற்பது ஒரு மென்பொருள். வாங்குபவர் அதோடு சேர்த்து இந்த ஆபத்தையும் தலையில் ஏற்றிக்கொள்கிறார். தொழில்நுட்ப விற்பனையில் பேச்சிலும் நடத்தையிலும் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இதை மறப்பதால் வருபவை.

கேட்பதற்கு முன்பே லேப்டாப்பைத் திறப்பது

உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் டாஷ்போர்டைக் காட்டத் தொடங்குவது பலருக்குப் பழகிவிட்டது. வண்ண வண்ண கிராஃப் யாருக்கும் பிடிக்கத்தான் செய்யும். ஆனால் திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நூல் ஓரிடத்தில், நிட்டிங் ஓரிடத்தில், சாயம் ஓரிடத்தில், பிரிண்டிங் வேறிடத்தில். துணி கிலோவில் போகும், ஆடை பீஸ் கணக்கில் வரும். இடையில் ஒவ்வொரு கட்டத்திலும் எடை குறையும். ஜாப் ஒர்க்குக்கு (கூலிக்குச் செய்து தர வெளியாளிடம்) அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பி வந்தாக வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டமும் சொல்கிறது. அந்த முதலாளிக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி ஒன்றுதான்: "என் துணி இப்போ யார்கிட்ட எத்தனை கிலோ நிக்குது?" அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் சேல்ஸ் ரிப்போர்ட்டைக் காட்டினால் அவர் மரியாதைக்காகத் தலையாட்டுவார், அவ்வளவுதான்.

"உங்க பிரச்சினை என்ன சார்?" என்று நேராகக் கேட்பதும் பலன் தராது. முதல் சந்திப்பில் யாரும் தன் கடையின் ஓட்டையை வெளியாளிடம் சொல்ல மாட்டார்கள். "நேத்து கடைசியா போன லோடுக்கு பில் எப்படிப் போட்டீங்க, யார் போட்டாங்க?" என்று கேளுங்கள். நடந்ததைச் சொல்வதில் யாருக்கும் கூச்சம் இல்லை. சொல்லச் சொல்ல, எந்த இடத்தில் ஒருவர் போன் போட்டு இன்னொருவரிடம் கேட்கிறார், எந்த இடத்தில் நோட்டில் எழுதி அப்புறம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள் என்பதெல்லாம் தானாக வெளியே வரும். டெமோ அங்கிருந்து தொடங்கட்டும். அவசியமானால் இன்னொரு நாளைக்கு.

அக்கவுண்டன்டை மறப்பது

இதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு என்று நினைக்கிறேன். செக்கில் கையெழுத்துப் போடுபவர் முதலாளி. ஆனால் அந்த மென்பொருள் ஓடுமா ஓடாதா என்பதை முடிவு செய்பவர் உள்ளறையில் உட்கார்ந்திருக்கும் அக்கவுண்டன்ட். அவர் வருடக்கணக்காக டேலி என்ற கணக்கு மென்பொருளில் வேலை செய்தவர். ரசீதுக்கு எஃப் 6, விற்பனைக்கு எஃப் 8 என்று விரல்கள் தாமாகவே போகும். கீபோர்டைப் பார்க்காமல் பதிவு போடுகிறவரிடம் மௌஸைப் பிடித்து நான்கு இடத்தில் கிளிக் செய்யச் சொன்னால், அவர் கண்ணுக்கு அது முன்னேற்றமாகத் தெரியாது.

அவர் காதுபட முதலாளியிடம், "இது வந்துட்டா ஆபீஸ்ல ரெண்டு பேரைக் குறைச்சுக்கலாம் சார்" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்கவே வேதனையாக இருக்கும். ஒரு மனிதரின் சம்பளத்தை அவர் முன்னாலேயே லாபக் கணக்கில் எழுதுவது முதலில் மனிதத்தன்மை இல்லை. அதோடு அந்த ஆர்டரும் அன்றைக்கே முடிந்துபோகிறது. அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார். ஒரு வாரம் கழித்து முதலாளி கேட்கும்போது, "நம்ம கணக்குக்கு இது செட் ஆகாதுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

டெமோவுக்கு முன்பே அவரிடம் அரை மணி நேரம் கேட்டு உட்காருங்கள். "அண்ணா, மாசக் கடைசியில எது உங்களுக்கு ரொம்ப நேரம் இழுக்குது?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை டெமோவில் முதல் விஷயமாகக் காட்டுங்கள். பழைய டேட்டா எப்படி வரும், தப்பாகப் போட்ட பதிவை எப்படித் திருத்துவது, பயிற்சி எத்தனை நாள், சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பவை அவருடைய கேள்விகள். முதலாளி இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்.

ஆடிட்டரையும் விட்டுவிடாதீர்கள். கையெழுத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு போன் கட்டாயம் போகும். இங்கேதான் அரைகுறைச் சட்ட அறிவு காலை வாரும். பதிவைத் திருத்தினால் அதன் தடம் அழியாமல் நிற்கும் ஆடிட் டிரெயில் வசதி வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அது கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்களுக்கானது. கூட்டாண்மை நிறுவனம் நடத்துபவரிடமும், தனி உரிமையாளரிடமும் போய், "இது இல்லேன்னா அபராதம் விழும் சார்" என்று பயமுறுத்தினால், ஆடிட்டர் சிரித்துக்கொண்டே "உங்களுக்கு அது பொருந்தாதே" என்று சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் அங்கே யாரும் நம்பப்போவதில்லை.

எல்லாவற்றுக்கும் "ஆகும் சார்" என்பது

கஸ்டமர் கேட்கிற எந்த வசதிக்கும் வாயிலிருந்து முதலில் வருவது "ஆகும்". மாதக் கடைசி, டார்கெட் தலைக்கு மேல் நிற்கிறது, இல்லை என்று சொல்லப் பயம். எனக்கு அந்தப் பயம் புரிகிறது. ஆனால் அந்த "ஆகும்" என்ற வார்த்தையைச் சுமக்கப்போவது, இரண்டு மாதம் கழித்து மென்பொருளை அங்கே நிறுவி ஓட்டிக் கொடுக்கப் போகும் பையனோ பெண்ணோதான். முதலாளியின் கோபம் முழுக்க அவர்கள் மேல் விழும். கடைசித் தவணைப் பணமும் நிற்கும்.

சொல்ல வேண்டிய பதில் மூன்று வகைதான். இப்போதே செய்யும். மாற்றம் செய்து தரலாம், இவ்வளவு நாளும் இவ்வளவு பணமும் ஆகும். செய்யாது. தெரியவில்லை என்றால், "டெக்னிக்கல் டீம்ல கேட்டு நாளைக்கு மதியத்துக்குள்ள சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, மதியத்துக்குள் சொல்லுங்கள். பதில் கிடைக்காவிட்டாலும் "இன்னும் கிடைக்கல சார்" என்று கூப்பிட்டுச் சொல்லுங்கள். சந்திப்பு முடிந்த அன்றே, எது உண்டு எது இல்லை என்று பத்து வரியில் மெயில் அல்லது வாட்ஸ்அப் அனுப்பிவிடுங்கள். "இந்த ரிப்போர்ட் எங்க சாஃப்ட்வேர்ல வராது சார்" என்று ஒருமுறை தெளிவாகச் சொன்னவரின் மற்ற "ஆகும்"களுக்கு மதிப்பு கூடுகிறது. கொடிசியா (கோவை சிறுதொழில் சங்கம்) கூட்டத்திலும் கல்யாண வீட்டிலும் முதலாளிகள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். யாரிடம் வாங்கினோம், சொன்னபடி செய்தார்களா என்பது அங்கே பேசப்படும்.

நாள் பார்க்காமல் கூப்பிடுவது

"சும்மா ஃபாலோ-அப்புக்குக் கூப்பிட்டேன் சார்" என்ற போன் எரிச்சலைத்தான் தரும். அதுவும் 20ஆம் தேதி கூப்பிட்டால் கேட்கவே வேண்டாம். மாதாந்தரம் தாக்கல் செய்யும் நிறுவனங்களில் 11ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1 (விற்பனை விவரம்), 20ஆம் தேதி 3பி (வரி கட்டும் கணக்கு) என்று அக்கவுண்ட்ஸ் அறை முழுக்கத் தலை நிமிராமல் இருக்கும். நம் கஸ்டமரின் காலண்டர் தெரியாமல் நம் குவார்ட்டர் காலண்டரை வைத்துக்கொண்டு ஓடுவது, அவர் வேலை நமக்கு முக்கியமில்லை என்று சொல்வது போலாகிவிடும்.

ஆடி மாதத்தில் புதிதாக எதையும் தொடங்காத முதலாளிகள் நிறையப் பேர். ராகு காலத்தில் பர்ச்சேஸ் ஆர்டரில் கையெழுத்துப் போடாதவர்களும் உண்டு. அதற்கு முகம் சுளிக்காதீர்கள், வற்புறுத்தவும் வேண்டாம். ஆடியில் ஐட்டம் மாஸ்டரை (பொருள் பட்டியலை) சுத்தம் செய்யலாம், பயிற்சி கொடுக்கலாம், ஆவணியில் ஓட்டத் தொடங்கலாம். இன்னும் வசதியானது ஏப்ரல் 1. புது நிதியாண்டுக்குப் புது பில் வரிசை, ஆரம்ப இருப்பும் சுத்தமாக ஏறும். அப்படியானால் பேச்சு ஜனவரியிலேயே முடிந்திருக்க வேண்டும். மார்ச் 28இல் போய் நின்றால் அது உங்கள் டார்கெட்டுக்கான ஓட்டம் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

விலையைப் பற்றி இரண்டு வார்த்தை. கேட்பதற்கு முன்பே தள்ளுபடி கொடுக்காதீர்கள். விலையைச் சொன்னதும் அறையில் ஒரு அமைதி வரும், அதைத் தாங்க முடியாமல்தான் பலர் தாங்களாகவே குறைக்கிறார்கள். அமைதியாக இருங்கள், அவர் கணக்குப் போடுகிறார். அப்புறம், 18 சதவீத ஜி.எஸ்.டி., இரண்டாம் வருட ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம்), ஆளுக்கு இவ்வளவு என்ற கட்டணம், டேட்டா ஏற்றும் செலவு எல்லாம் முதல் கொட்டேஷனிலேயே தெரியட்டும்.

ஆங்கிலத்தைப் பற்றிய தாழ்வு மனப்பான்மை

தமிழ் வழியில் படித்து இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் பலர், ஆங்கிலம் சரளமாக வராததால் தங்களைக் குறைவாக நினைக்கிறார்கள். அதை மறைக்க "ஸ்கேலபிள்", "எண்ட் டு எண்ட்", "ஏ.ஐ. டிரிவன்" என்று மனப்பாடம் செய்த சொற்களைக் கொட்டுகிறார்கள். எதிரில் இருப்பவர் லேத்தில் தொடங்கி பம்ப் கம்பெனி வரை வந்தவராக இருக்கலாம். கிளவுட் பற்றி அவருக்குத் தெரிய வேண்டியது மூன்று: டேட்டா எங்கே இருக்கும், நெட் போனால் பில் போட முடியுமா, சந்தாவை நிறுத்தினால் என் கணக்கு எனக்குத் திரும்ப எப்படி வரும். இந்த மூன்றுக்கும் நல்ல தமிழில் நேரான பதில் சொல்லத் தெரிந்தவர் அந்த அறையில் யாருக்கும் குறைந்தவர் இல்லை.

சென்னையிலிருந்து வெளிநாட்டு கஸ்டமர்களுக்கு விற்கும் வேலைக்குப் போனாலும் அலங்கார ஆங்கிலம் தேவைப்படாது. சின்ன வாக்கியங்கள் போதும். அங்கே கவனிக்க வேண்டியது வேறு: "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்ற பொருளில் நாம் அடிக்கடி சொல்லும் "யெஸ், யெஸ்" என்பதை அவர்கள் சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள்.

தோற்ற ஆர்டரை அப்படியே விட்டுவிடுவது

வேறு ஒருவருக்கு ஆர்டர் போய்விட்டது என்று தெரிந்ததும் பலர் அந்த எண்ணையே அழித்துவிடுகிறார்கள். சிலர் போட்டி நிறுவனத்தைக் குறை சொல்லி ஒரு மெசேஜ் அனுப்புகிறார்கள். அது, முதலாளி எடுத்த முடிவே தப்பு என்று அவரிடமே சொல்வது. இரண்டு வாரம் போகட்டும், சூடு ஆறியிருக்கும். "முடிவை மாத்தச் சொல்லிக் கூப்பிடல சார், எங்ககிட்ட என்ன குறை இருந்துச்சுன்னு மட்டும் சொன்னீங்கன்னா உதவியா இருக்கும்" என்று கேளுங்கள். பெரும்பாலானோர் சொல்வார்கள். கிடைக்கும் காரணத்தைச் சொன்ன வார்த்தையிலேயே சி.ஆர்.எம்.மில் (கஸ்டமர் விவரம் பதியும் மென்பொருளில்) எழுதுங்கள், "விலை அதிகம்" என்று சுருக்கிப் போடாதீர்கள். அக்கவுண்டன்ட் வேண்டாம் என்றாரா, ஆடிட்டர் தடுத்தாரா, டெமோவில் ஜாப் ஒர்க் காட்டவில்லையா என்று எழுதியிருந்தால்தான் அடுத்த முறை அதே தொழிற்பேட்டையில் இன்னொரு கேட்டுக்குள் நுழையும் உங்கள் சக ஊழியருக்கு அது பயன்படும்.