அவுட்ரிக்கர் காலுக்கு அடியில் கட்டை வைக்கும் முறை

அவுட்ரிக்கர்னா கிரேன் சாயாம இருக்க பக்கவாட்டில நீட்டி ஊன்றுற கால். சிங்கப்பூர் துவாஸ் பக்கம் லாரி கிரேன் நிறுத்துறப்போ தரையை நம்பாதீங்க தம்பி. கடலைத் தூர்த்த நிலம் அது. மேலே காய்ஞ்சு தெரியும், ஒரு மழை போதும் இளகுறதுக்கு.

ஒரு காலில் 9 டன் இறங்குதுன்னு வைங்க. பாதம் 30 சென்டிமீட்டர் சதுரம்னா, சதுர மீட்டருக்கு 100 டன் அழுத்தம். 90 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் கட்டை போட்டா 11 டன்தான். ஆனா கட்டை வளையக்கூடாது. மெல்லிசான பிளைவுட் வளைஞ்சு நடுவில மட்டும் பாரத்தை இறக்கும். அப்புறம் அகலம் இருந்து என்ன பிரயோஜனம்? கனமான கட்டைகளை இடைவெளி இல்லாம அடுக்கி, மேலே ஸ்டீல் பிளேட் போடுங்க. ரெண்டு அடுக்குன்னா மேலடுக்கு குறுக்கே. ஹாலோ பிளாக் (உள்ளே வெற்றிடமா இருக்கிற சிமெண்ட் கல்) வேண்டவே வேண்டாம், நொறுங்கிடும்.

பாதம் நட்ட நடுவில உட்காரணும். மேன்ஹோல், வடிகால் மூடி மேல வைக்காதீங்க. பக்கத்தில குழி தோண்டியிருந்தா, குறைஞ்சது குழியோட ஆழம் அளவுக்குத் தள்ளி நிறுத்துங்க. இளகின மண்ணா, ரெண்டு மடங்கு.

முதல் சுமையைக் கொஞ்சம் மட்டும் தூக்கி நிறுத்தி, நாலு காலையும், கிரேன் மட்டமா நிக்குதான்னு காட்டுற லெவல் குமிழையும் பாருங்க. இறங்கியிருந்தா சுமையைக் கீழே வைச்சிட்டுத்தான் கட்டையைத் தொடணும். சிங்கப்பூரோட 2011 கிரேன் விதிகள்படி தரையைச் சரிபார்க்கிற பொறுப்பு, தூக்குற வேலையை மேற்பார்வை பார்க்கிற லிஃப்டிங் சூப்பர்வைசருக்கு. சந்தேகம்னா அவரைக் கூப்பிடுங்க, முகத்தைச் சுளிச்சாலும் பரவாயில்லை.