தாட்சண்யத்தில் தவறும் சார்பு ஆய்வாளர்: இராமநாதபுரக் கடற்கரையில் ஒரு காவல் தொடர் அத்தியாயம் எழுதும் முறை

காவல் நிலையக் கதை எழுத வருபவர்கள், அதிகாரி தடம் மாறுவதற்குக் காரணமாக முதலில் பணக்கட்டைத்தான் தேடுகிறார்கள். இராமநாதபுரக் கடற்கரையைக் களமாகக் கொள்பவர் தாட்சண்யத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது. லஞ்சம் வாங்கியவனுக்குத் தன் தவறு தெரியும். தாட்சண்யம் பார்த்தவனோ தான் நன்றி மறவாதவன் என்றே நெடுநேரம் நம்பிக்கொண்டிருப்பான், 40 நிமிட அத்தியாயத்தை நகர்த்த அந்த நம்பிக்கை போதும்.

முதலில் கடனை நிறுவுங்கள். சார்பு ஆய்வாளரின் (இனி, ஆய்வாளர்) தந்தை கடலில் காணாமற்போன நாட்களில், தன் விசைப்படகைத் தொழிலுக்கு அனுப்பாமல் மூன்று நாள் தேடியலைந்த உரிமையாளர் ஒருவர் இருக்கட்டும். பழைய காட்சியாக இதைக் காட்ட வேண்டாம். நிலையத்துக்கு வரும் அந்தப் பெரியவர் உட்காரும்வரை ஆய்வாளர் நின்றுகொண்டிருந்தால் போதும்.

கதையை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வையுங்கள். விசைப்படகுகள் கட்டிக் கிடக்க, வட்டி மட்டும் ஏறுகிற அந்த நாட்களில், பெரியவரின் மகன் நாட்டுப்படகில் கடல் அட்டை (கடல் வெள்ளரி என்னும் கடல் உயிரி) மூட்டைகளை ஏற்றத் துணிவது நம்பும்படி இருக்கும். கடல் அட்டைக்கு 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்த் தடை உள்ளது. கரையிலும் கவனம் தேவை: பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல், தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்க, வடகடல் அடங்கியிருக்கும். இதை மாற்றி எழுதினால் பாம்பனில் முதல் காட்சியிலேயே சிரித்துவிடுவார்கள்.

தவறு நிகழும் காட்சியை ஒரே சொற்றொடரின் மேல் நிறுத்துங்கள். படகை மடக்கும் ஆய்வாளர் பையனை இருட்டுக்குள் போகவிட்டு, கைப்பற்றலைப் பதியும் மகஜரில் "கேட்பாரற்றுக் கிடந்த மூட்டைகள்" என்று எழுதச் சொல்கிறார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 50ஆவது பிரிவு, காவல்துறையில் சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாதவருக்கே சோதனையிடும் அதிகாரத்தைத் தருவதால், இந்த முடிவை வேறு எவர் தலையிலும் அவரால் ஏற்ற முடியாது. உடன் நிற்கும் ஏட்டு எதுவும் பேசாமல், இன்னும் சூடு ஆறாத எஞ்சினைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொள்ளட்டும்.

இதன் பிறகு நெருக்க வேண்டியது நடைமுறை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆவது பிரிவு, சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. படகு மடக்கப்பட்டதாகப் பொது நாட்குறிப்பில் உள்ள நேரத்துக்கும் பதிவு தொடங்கிய நேரத்துக்கும் இடையே 20 நிமிடம் விடுபட்டிருக்கட்டும். அதைக் கண்டுபிடிக்க வில்லன் வேண்டாம். மூட்டைகளைப் பெற்றுக்கொள்ள வரும் வனத்துறை அலுவலர், சந்தேகம் ஏதுமின்றி, ஒப்புகைச் சீட்டில் கையெழுத்திடும்போது கேட்டுவைக்கட்டும். அதற்குச் சொன்ன சிறிய பொய்யைக் காப்பாற்ற, நிலையப் பதிவேடுகளை எழுதும் ரைட்டர் நேரத்தைத் திருத்த வேண்டும், ஏட்டு அதற்கு ஒத்துச் சொல்ல வேண்டும். தன் நன்றிக்கடனை இவ்விருவரின் வேலையைப் பணயம் வைத்து அடைக்கிறோம் என்பது ஆய்வாளருக்கு உறைக்கும் இடமே அத்தியாயத்தின் உச்சம். இங்கே வசனத்தைக் குறைத்து, திருத்தச் சொன்ன பக்கத்தின் முன் எழுதாமல் அமர்ந்திருக்கும் ரைட்டரைக் காட்டுங்கள்.

விசாரணை, இடமாற்றம் ஆகியவற்றை ஒரு வரியில் கடந்துவிடலாம். தடைக்காலம் முடிந்து முதல் நடை திரும்பிய காலையில் ஆய்வாளரின் வீட்டு வாசலில் பெரியவர் அனுப்பிய பை ஒன்று இருக்க, அதைக் கழுவட்டுமா என்று மனைவி கேட்பதோடு முடியுங்கள். அதில் இறால் இருக்கட்டும். முதல் நடையில் விசைப்படகுக்காரர்கள் எதிர்பார்த்துப் போவது அதைத்தான்.