சிவில் வழக்கு தள்ளுபடியா? காரணத்தை முதலில் பாருங்கள்
இந்திய கோர்ட்டில் சிவில் வழக்கு தள்ளுபடியானால், அப்பீலுக்கு ஓடுமுன் உத்தரவில் ‘வாதி ஆஜராகாததால்’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதே கோர்ட்டில், உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 9, விதி 9-ன் கீழ் மனு போட்டு வழக்கைத் திரும்பக் கோப்பில் எடுக்கலாம். வழக்கின் நியாயத்துக்குள் கோர்ட் இன்னும் போகவே இல்லை என்பதுதான் காரணம். கெடு, தள்ளுபடியான நாளிலிருந்து 30 நாள். கடந்தால் தாமதத்தை மன்னிக்கத் தனி மனு, கூடுதல் செலவு. வராததற்கு மருத்துவச் சீட்டு மாதிரி ஆதாரம் இணையுங்கள். ‘வாய்தா மறந்துவிட்டது’ என்பது பெரும்பாலும் எடுபடாது. அன்று பிரதிவாதி வந்திருந்தால், அதே காரணத்துக்குப் புது வழக்கு போட முடியாது. இருவருமே வராதிருந்தால் மனு விதி 4-ன் கீழ். அப்போது, வழக்கு போடுவதற்கான காலவரையறை மிச்சமிருந்தால் புது வழக்கும் போடலாம். விசாரித்துத் தீர்ப்பாகத் தள்ளியிருந்தால் அப்பீல்தான். செக் மோசடி போன்ற கிரிமினல் புகார்களுக்கு இந்த வழி கிடையாது.