வெர்டன் போர்க்களக் காட்டில் ஓடப் போகிறவர்களுக்கு

வெர்டன் காட்டுக்குள் ஓடப் போகிறவர் முதலில் மனதில் பதித்துக்கொள்ள வேண்டியது, பாதையை விட்டு ஓரடிகூட இறங்கக் கூடாது என்பது. மற்ற காடுகளில் இது நல்ல பழக்கம். இங்கே உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

முதல் உலகப் போரில், 1916 பிப்ரவரி 21 முதல் டிசம்பர் 18 வரை, பிரான்ஸின் வடகிழக்கில் மியூஸ் ஆற்றை ஒட்டிய இந்தக் குன்றுகளில் பிரெஞ்சுப் படையும் ஜெர்மன் படையும் மோதின. கோடிக்கணக்கில் பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. அவற்றில் கணிசமானவை வெடிக்காமல் மண்ணுக்குள் போய்விட்டன. போர் முடிந்ததும், இனி உழவுக்கு உதவாது என்று 'சிவப்பு மண்டலம்' ஆக ஒதுக்கப்பட்ட நிலத்தை அரசே வாங்கி மரம் நட்டது. முதலில் வைத்தவற்றில் கருப்பு பைன் அதிகம். பிறகு பல இடங்களில் பீச் மரங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. மேலே பசுமையான காடு, வேருக்கு அடியில் அப்படியே போர்க்களம்.

குண்டுகள் புதைந்த இடத்திலேயே கிடப்பதும் இல்லை. குளிர்காலத்தில் மண்ணிலுள்ள ஈரம் உறைந்து விரியும்போது கனமான பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளுகிறது. காட்டுப்பன்றிகள் வேறு கிளறிவிடுகின்றன. போன முறை ஒன்றுமில்லாமல் இருந்த ஓரத்தில் இந்த முறை துருப்பிடித்த உருளை ஒன்று தலை காட்டலாம். பார்த்தால் இலைச்சருகு நிறத்தில், பழைய இரும்புக் குழாய்த் துண்டு போலத்தான் இருக்கும். தொடாதீர்கள், காலால் உருட்டாதீர்கள். நிற்கும் இடத்திலிருந்தே படம் எடுங்கள், கைக்கடிகாரத்தில் இடத்தைக் குறியுங்கள், வந்த வழியே பின்வாங்கி 112-க்கு அழையுங்கள். நூறு வருடத் துரு அதைச் செயலிழக்கச் செய்துவிடும் என்று நினைப்பது தவறு. துரு ஏற ஏற எப்போது வெடிக்கும் என்பதே கணிக்க முடியாததாகிறது. சில குண்டுகளுக்குள் நச்சு வேதிப்பொருளும் இருக்கிறது, ஓடு அரித்துப்போனால் அது கசியும். நினைவுப் பொருளாக எதையும் எடுத்து வராதீர்கள். அனுமதி இல்லாமல் உலோகம் தேடும் கருவியோடு அலைவது பிரான்ஸில் சட்டப்படி குற்றம்.

ஓட்டக்காரர்கள் பாதையை விட்டு இறங்குவது பெரும்பாலும் மூன்று காரணங்களுக்காக: சிறுநீர் கழிக்க, வளைவில் குறுக்கே வெட்ட, சகதியைச் சுற்றிப் போக. முதலாவதைக் கிளம்பும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வேண்டவே வேண்டாம். சகதி வந்தால் நடுவிலேயே மிதித்துப் போங்கள், ஷூவைக் கழுவிக்கொள்ளலாம்.

எங்கே ஓடுவது

பாரிஸின் கிழக்கு ரயில் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் மியூஸ் நிலையத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம். அங்கிருந்து வெர்டன் நகரத்துக்குப் பேருந்து இருக்கிறது. நகரத்திலிருந்து ஃப்ளரி கிராமத்தை ஒட்டியுள்ள நினைவு அருங்காட்சியகம் வரை ஏழெட்டு கிலோமீட்டர், பெரும்பாலும் ஏற்றம். முதல் முறை போகிறவர்கள் அந்தத் தூரத்தை வாகனத்தில் கடந்துவிட்டு, அருங்காட்சியகத்தில் ஓட்டத்தைத் தொடங்குவது நல்லது.

அங்கிருந்து துவோமோன் எலும்பு நினைவகம் (போரில் இறந்தவர்களின் எலும்புகள் வைக்கப்பட்டுள்ள கட்டடம்), துவோமோன் கோட்டை, வோ கோட்டை, மறுபடி ஃப்ளரி என்று சுற்றி வந்தால், எந்தப் பாதைகளை இணைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து 12 முதல் 15 கிலோமீட்டர் வரும். நினைவகம் வரை எளிது. நினைவகத்துக்கும் துவோமோன் கோட்டைக்கும் நடுவே 'லண்டன்' என்று பெயரிடப்பட்ட இணைப்புப் பதுங்குகுழியின் எச்சம் இருக்கிறது. முன்னணிக்கு ஆளும் உணவும் போய்வந்த வழி அது. பக்கச் சுவர் சரியாமல் தாங்கிய கான்கிரீட் தூண்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. கோட்டையின் மேல்தளத்தில் ஏறலாம், ஆனால் நடந்து ஏறுங்கள். ஈரப் பாசி பிடித்த கான்கிரீட்டில் எந்த ஷூவும் பிடிக்காது, சுற்றியுள்ள அகழி ஆழமானது.

துவோமோனிலிருந்து வோ கோட்டைக்குப் போகும் பகுதிதான் இந்தச் சுற்றின் கடினமான துண்டு. நடுவில் பள்ளத்தாக்கு. இறங்கி, அதே அளவு ஏற வேண்டும். பள்ளத்தாக்கின் அடியில் மழைக்குப் பிறகு பல நாள் ஈரம் நிற்கும், கைபேசித் தொடர்பும் அங்கேதான் முதலில் அறுபடும். 1:25,000 அளவு வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மரத்தில் மஞ்சள் கோடு என்றால் உள்ளூர் நடைபாதை. வெள்ளையும் சிவப்பும் என்றால் நெடுந்தூரப் பாதை. குறுக்கே போட்ட பெருக்கல் குறி தவறான வழி என்று சொல்கிறது. குறியே இல்லாத ஒற்றையடித் தடம் கண்ணுக்கு எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் அதில் நுழையாதீர்கள். அது பன்றித் தடமாகவும் இருக்கலாம்.

மேடும் பள்ளமுமான தரையில் கால் வைப்பது

இந்தக் காட்டில் தட்டையான தரை என்பதே அரிது. குண்டு விழுந்த குழிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. ஒரு குழியின் விளிம்பே அடுத்த குழியின் விளிம்பு. பாதை சில இடங்களில் இந்த விளிம்புகள் மேலேயே ஏறி இறங்கிப் போகிறது. நான்கைந்து அடி ஏற்றம், உடனே இறக்கம், மறுபடி ஏற்றம். நீளமாக எட்டு வைத்தால் கால் விழும் இடம் சரிவாகவே அமையும், கணுக்கால் பிசகும். எட்டைக் குறுக்கி, அடி எண்ணிக்கையைக் கூட்டுங்கள். விளிம்பிலிருந்து குதித்து இறங்காதீர்கள். பார்வை மூன்று நான்கு மீட்டர் முன்னால் இருக்கட்டும். சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரத்தோடு ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் சேர்த்துக் கணக்கிடுங்கள். வேகம் காட்ட வேண்டிய இடம் இதுவல்ல.

அக்டோபர், நவம்பரில் பீச் இலை கொட்டி வேர்களை மூடிவிடும். அப்போது இன்னொரு ஆபத்தும் உண்டு: முள்கம்பியைத் தாங்கிய இரும்புக் கம்புகள். சம்மட்டியால் அடித்தால் சத்தம் கேட்டு எதிரி சுடுவான் என்பதால், திருகாணி போல முறுக்கி மண்ணில் இறக்கும்படி இவற்றைச் செய்தார்கள். உச்சியில் பன்றிவால் போல ஒரு சுருள் வளையம் இருக்கும். பாதையோரத்தில் அந்த வளையம் மட்டும் சருகுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஷூ அதில் மாட்டினால் முகம் குப்புற விழ வேண்டியதுதான். துருக்கம்பி கிழித்தால் காயம் சின்னதாக இருந்தாலும் சோப்பு போட்டுக் கழுவி, மருத்துவரைப் பாருங்கள். டெட்டனஸ் தடுப்பூசி நடப்பில் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே சரிபார்த்துவிடுவது நல்லது.

மண்ணில் களிமண் கலப்பு அதிகம். ஷூவின் அடிப்பல் 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல், பற்களுக்கு நடுவே நல்ல இடைவெளியோடு இருக்க வேண்டும். நெருக்கமான பற்களில் களிமண் அடைத்துக்கொண்டால் பத்தே நிமிடத்தில் அடிப்பாகம் வழவழப்பாகிவிடும். இரண்டு ஷூவும் ஆளுக்கொரு செங்கல் போலக் கனக்கும்.

நீர் தேங்கிய குழிகளைக் குட்டை என்று நினைத்து மிதித்துவிடாதீர்கள். மஞ்சள் வயிற்றுத் தேரை என்ற அரிய உயிரினம் இந்தக் குண்டுக்குழித் தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. மேலே பார்த்தால் சேற்று நிறம். புரண்டால் வயிறு பளிச்சென்ற மஞ்சள், அதில் கருந்திட்டுகள். அதன் பாதுகாப்புக்காகவே சில குழிகளை வனத்துறை பராமரித்து வருகிறது.

எடுத்துச் செல்ல வேண்டியவை

தண்ணீர் குறைந்தது ஒரு லிட்டர், கோடையில் ஒன்றரை. காட்டுக்குள் குடிநீர்க் குழாயை நம்ப முடியாது. ஓடை நீரும் குழி நீரும் குடிப்பதற்கல்ல, போரின் உலோகங்களும் வேதிப்பொருள்களும் கலந்த மண் இது. வோ கோட்டைக்குள் இருந்த பிரெஞ்சு வீரர்கள் 1916 ஜூன் 7 அன்று சரணடைந்ததற்கு முக்கியக் காரணமே தண்ணீர் தீர்ந்ததுதான். ஜூன் மாத வெயிலில் அந்த ஏற்றத்தை ஓடி முடிக்கும்போது, அது எப்படிப்பட்ட முடிவு என்று தொண்டைக்குப் புரியும்.

கோட்டைக்குள் போவதாக இருந்தால் மடித்து வைக்கக்கூடிய ஒரு மேல்சட்டை கட்டாயம். உள்ளே வருடம் முழுக்கக் குளிர், சுவரில் நீர் சொட்டும். வியர்த்த உடம்போடு நுழைந்தால் கால் மணியில் நடுங்கத் தொடங்கிவிடும். குளிர்காலத்தில் கோட்டைகள் மூடியிருக்கும் காலமும் உண்டு, நேரத்தை விசாரித்துவிட்டுப் போங்கள். விசில், உடல் சூட்டைக் காக்கும் அவசரகாலப் போர்வை, இறுக்கிக் கட்டும் பட்டை, தலைவிளக்கு ஆகியவையும் பையில் இருக்கட்டும். டிசம்பரில் ஐந்து மணிக்குள் இருட்டிவிடும்.

செப்டம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை வேட்டைக்காலம். பாதை முகப்பில் 'ஷாஸ் ஆன் கூர்' என்று பலகை இருந்தால், வேட்டை நடக்கிறது என்று பொருள். திரும்பிவிடுங்கள். பலகை இல்லாவிட்டாலும் இந்த மாதங்களில் ஆரஞ்சு நிற மேலாடை அணியுங்கள். மார்ச் முதல் நவம்பர் வரை உண்ணித் தொல்லை. லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் இப்பகுதியில் உண்டு. நீளமான காலுறை உதவும். அறைக்குத் திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் எதுவும் வேண்டாம்.

ஓடக் கூடாத இடங்கள்

துவோமோன் எலும்பு நினைவகத்தில் அடையாளம் தெரியாத சுமார் 1,30,000 பேரின் எலும்புகள் இருக்கின்றன, இரு தரப்பினருடையதும் கலந்தே. எதிரே 16,000-க்கு மேற்பட்ட கல்லறைகள். 2016 மே 29 நூற்றாண்டு நிகழ்வில், பல ஆயிரம் பிரெஞ்சு, ஜெர்மன் இளைஞர்கள் அந்தக் கல்லறைகளுக்கு நடுவே ஓடியது திட்டமிட்ட நிகழ்ச்சியாக இருந்தும் பிரான்ஸில் பெரும் சர்ச்சையானது. நினைவகத்தின் வளாகத்துக்கு வெளியிலேயே கடிகாரத்தை நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றி, நடந்து கடந்து செல்லுங்கள். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

ஃப்ளரியிலும் அப்படியே. போரில் அழிந்த ஒன்பது கிராமங்களில் ஒன்று இது. மீண்டும் கட்டப்படவே இல்லை, ஆனாலும் இன்றுவரை பெயரளவில் ஒரு மேயர் உண்டு. சுற்றின் கடைசியில் வருவதால், உடம்பை ஆற்றிக்கொள்ளும் நடைக்குப் பொருத்தமான இடம். அருங்காட்சியக வாசலுக்கு அரை கிலோமீட்டருக்கு முன்பே ஓட்டத்தை முடித்துக்கொண்டு கிராமப் பாதையில் நடங்கள். புல் மூடிய குழிகளுக்கு நடுவே, வீடுகளும் கடைகளும் பள்ளிக்கூடமும் எங்கெங்கே இருந்தன என்பதைச் சிறு குறிகள் காட்டுகின்றன. இங்கேயும் புல்வெளியில் இறங்க வேண்டாம். 2013-இல்கூட இந்தக் கிராமத்து மண்ணிலிருந்து 26 பிரெஞ்சு வீரர்களின் எச்சங்கள் வெளிப்பட்டன.