வீட்டு வேலைக்கு வருபவருக்கு வைஃபை கொடுப்பது எப்படி: மலையகத்து வீடுகளுக்கு

வேலைக்கு வரும் அக்காவுக்கு வைஃபை பாஸ்வேர்ட் கொடுத்த மாதம் டேட்டா இருபதாம் திகதியே முடிந்துவிட்டால், பல வீடுகளில் உடனே ஒரு தீர்ப்பு வந்துவிடுகிறது: "நாள் பூரா படம் பாக்குறாங்க போல." பெரும்பாலும் அது அநியாயமான தீர்ப்பு. டேட்டாவைக் கரைப்பது அவருடைய போனில் உள்ள நாலைந்து செட்டிங்ஸ்.

தோட்டத்தில், லயத்தில் இருக்கும்போது அந்தப் போன் சின்ன டேட்டா கார்டில் ஓடுகிறது. பள்ளத்தாக்குப் பக்கம் என்றால் சிக்னலும் வந்து வந்து போகும். அதனால் போட்டோ பேக்கப், ஆப் அப்டேட், வட்ஸ்அப் பேக்கப் எல்லாம் வைஃபை கிடைக்கட்டும் என்று காத்துக் கிடக்கும். உங்கள் வீட்டு வைஃபையில் சேர்ந்த நிமிடமே அத்தனையும் ஒன்றாகக் கிளம்பும். போன் குசினி மேசையில் சும்மா கிடக்கும்போதே ஒரு ஜிபி போய்விடும். அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

அவர் உண்மையில் பயன்படுத்துவதைக் கணக்குப் பார்ப்போம். வட்ஸ்அப் வீடியோ கோல் நிமிடத்துக்குச் சுமார் 5 எம்பி. அரை மணி நேரத்துக்கு 150 எம்பி. குரல் அழைப்பு மட்டும் என்றால் ஒரு மணி நேரத்துக்கே 30 எம்பி அளவுதான். யூடியூப் 360பி தரத்தில் மணிக்குச் சுமார் 300 எம்பி. தினமும் அரை மணி நேர வீடியோ கோல், ஒரு மணி நேர யூடியூப் என்று வைத்தாலும் 450 எம்பி. இருபத்தைந்து வேலை நாளுக்கு 11 ஜிபி சொச்சம். அதே யூடியூப் 1080பி தரத்தில் ஓடினால் மணிக்கு 2 ஜிபி அளவுக்குக்கூடப் போகலாம். சின்னத் திரையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமும் தெரியாது.

முதலில் போன்

போனை வாங்கி நீங்கள் நோண்டாதீர்கள். அது அவருடைய பொருள். அதில் அவருடைய குடும்பப் படங்கள், வங்கிச் செய்திகள் இருக்கும். அவர் கையிலேயே இருக்கட்டும், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுங்கள். பத்து நிமிட வேலை.

அன்ட்ரொய்ட் போனில் செட்டிங்ஸ், அதில் வைஃபை, உங்கள் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரக் குறி. உள்ளே 'மீட்டர்ட்' என்று ஒரு தெரிவு இருக்கும். சாம்சங்கில் 'வியூ மோர்' என்பதை அமுக்கிய பிறகுதான் தெரியும். அதை 'ட்ரீட் அஸ் மீட்டர்ட்' என்று மாற்றுங்கள். அதோடு போன் இந்த வைஃபையையும் காசு கொடுத்து வாங்கிய டேட்டா மாதிரிப் பார்த்துச் செலவழிக்கத் தொடங்கும். போட்டோ பேக்கப்பும் ப்ளே ஸ்டோர் அப்டேட்டும் நின்றுவிடும். ஐபோன் என்றால் அதே இடத்தில் 'லோ டேட்டா மோட்'. ஒன்றை நினைவில் வையுங்கள்: வைஃபையை 'போர்கெட்' செய்து மறுபடி சேர்ந்தாலோ, வைஃபையின் பெயரை நீங்கள் மாற்றினாலோ இந்த செட்டிங் அழிந்துவிடும். "திருப்பியும் டேட்டா போகுதே" என்று தோன்றினால் முதலில் இங்கே பாருங்கள்.

வட்ஸ்அப் இதற்குக் கட்டுப்படும் என்று நம்பியிருக்க வேண்டாம். அதன் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அன்ட் டேட்டா' பகுதிக்குப் போய், வைஃபையில் தானாக இறங்குபவற்றில் வீடியோவின் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். அங்கேயே கோலுக்குக் குறைந்த டேட்டா என்ற தெரிவும் இருக்கிறது. பிள்ளையின் பள்ளிக்கூடக் குழு, கோயில் குழு, சொந்தக்காரர் குழு என்று ஐந்தாறு குழுக்களில் இருப்பவருக்கு இந்த ஒரு மாற்றமே பெரிய மிச்சம். யூடியூபில் வீடியோ குவாலிட்டிக்குப் போய் வைஃபைக்கும் 'டேட்டா சேவர்' வையுங்கள்.

அப்டேட்டே இல்லாமலும் விடக்கூடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத போன் அவருக்கும் ஆபத்து. நம் நாட்டுப் பக்கேஜ்கள் பலவற்றில் நள்ளிரவுக்குப் பிறகு விடியும்வரை தனி டேட்டா ஒதுக்கி இருக்கும், பாதி வீடுகளில் அது தொடப்படாமலே கிடக்கும். வீட்டிலேயே தங்கி வேலை செய்பவர் என்றால், மாதத்தில் ஒரு இரவு மீட்டர்டை நிறுத்தி, போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள்.

பிறகு ரவுட்டர்

வீட்டு வைஃபை பாஸ்வேர்டையே கொடுத்துவிடுவது சுலபமாகத் தெரியும். ஆனால் அதே வலைப்பின்னலில்தான் உங்கள் கெமரா பெட்டி, பிரிண்டர், டீவி எல்லாம் நிற்கின்றன. ஒரு நாள் பாஸ்வேர்ட் மாற்ற வேண்டி வந்தால் அத்தனையிலும் திரும்பப் போட வேண்டும். இன்னொன்று: அன்ட்ரொய்ட் 10 அல்லது அதற்குப் பிந்தியது ஓடும் போன்களில், சேர்ந்திருக்கும் வைஃபையின் பாஸ்வேர்டைக் கியூஆர் குறியாகக் காட்டி இன்னொருவருக்குக் கொடுக்க முடியும். ஆகவே ஒருவருக்குக் கொடுத்த பாஸ்வேர்ட் ஒருவரோடு நிற்கும் என்று எதிர்பார்ப்பதில் பயனில்லை. கெஸ்ட் வைஃபை, அதாவது அதே ரவுட்டரில் விருந்தாளிக்கென்று தனிப் பெயரும் பாஸ்வேர்டும் உள்ள வைஃபை, போடுவதுதான் சரி.

வைஃபையில் இருக்கும் உங்கள் போனில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, பிரவுசரின் மேல்பட்டையில் ரவுட்டரின் முகவரியை அடியுங்கள். பைபர் இணைப்புகளில் பெரும்பாலும் 192.168.1.1, ஹுவாவே 4ஜி ரவுட்டரில் 192.168.8.1, வேறு சிலவற்றில் 192.168.0.1. பக்கம் திறக்காவிட்டால் அனேகமாக மொபைல் டேட்டா ஓடிக்கொண்டிருக்கும், அல்லது முகவரியைத் தேடல் பெட்டியில் அடித்திருப்பீர்கள். உள்ளே போகக் கேட்கும் பெயரும் பாஸ்வேர்டும் ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள லேபலில் இருக்கும். அது வைஃபை பாஸ்வேர்ட் இல்லை, வேறு.

'கெஸ்ட் நெட்வொர்க்' என்ற மெனு இருந்தால் வேலை முடிந்த மாதிரி. இயக்குங்கள், உள்வீட்டு வலைப்பின்னலைப் பார்க்க அனுமதிக்கும் பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பைபர் பெட்டிகள் பலவற்றில் கெஸ்ட் என்ற பெயரே இருக்காது. எஸ்எஸ்ஐடி1, எஸ்எஸ்ஐடி2 என்று வரிசையாக இருக்கும் (எஸ்எஸ்ஐடி என்பது வைஃபையின் பெயர்). இரண்டாவதை இயக்கி, மற்றப் பொருட்களை எட்டாமல் பிரித்து வைக்கும் 'ஐசொலேஷன்' என்பதையும் இயக்க வேண்டும். பாதுகாப்பு முறைக்கு டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் போதும். டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய போன் சேராது, சிலவேளை "பாஸ்வேர்ட் பிழை" என்றுகூடச் சொல்லும், நீங்களும் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பீர்கள். பாஸ்வேர்ட் பன்னிரண்டு எழுத்துக்குக் குறையாமல், சின்ன எழுத்தும் இலக்கமும் மட்டும். 0, 1 என்ற இலக்கங்கள் வேண்டாம், o, l என்ற எழுத்துகளோடு குழம்பும்.

ரவுட்டரில் இந்த வசதியே இல்லை, பழைய ரவுட்டர் ஒன்று வீட்டில் கிடக்கிறது என்றால் அதைப் பயன்படுத்தலாம். இங்கேதான் பலர் பிழைவிடுகிறார்கள். முதல் ரவுட்டரின் லேன் துளையிலிருந்து (வீட்டுப் பொருட்களுக்கான துளை) இரண்டாவதின் வேன் துளைக்கு (இணையம் உள்ளே வரும் துளை) வயர் போட்டு, இரண்டாவதை வேலை செய்பவருக்குக் கொடுத்துவிட்டால் பிரித்தாயிற்று என்று நினைப்பார்கள். ஆனால் இரண்டாவதில் இருப்பவரால் முதலாவதில் உள்ள பொருட்களை எட்ட முடியும். முதலாவதில் இருப்பவரால்தான் இரண்டாவதுக்குள் வர முடியாது. ஆகவே கெமராவையும் கம்ப்யூட்டரையும் இரண்டாவதுக்கு மாற்றிவிட்டு, முதலாவதை விருந்தாளிக்கும் வேலை செய்பவருக்கும் விடுங்கள். இரண்டு ரவுட்டரும் 192.168.1.1 என்றே இருந்தால் இணையம் வராது, இரண்டாவதை 192.168.5.1 ஆக்குங்கள்.

வேக அளவு வைக்க ரவுட்டர் இடம் கொடுத்தால், கெஸ்டுக்கு இறக்கம் (டவுன்லோட்) 3072, ஏற்றம் (அப்லோட்) 1024 கேபிபிஎஸ் வையுங்கள். வீடியோ கோலுக்கு இது தாராளம், உங்கள் பிள்ளையின் சூம் வகுப்பும் இடறாது. ஏற்றத்தை இதற்குக் கீழே இறுக்கினால் எதிர்ப்பக்கத்தில் அவருடைய முகம் உறைந்து நிற்கும். தனித்தனிப் போனுக்கு மெக் முகவரி (ஒவ்வொரு போனின் வைஃபைக்கும் உள்ள அடையாள எண்) வைத்துக் கட்டுப்பாடு போடுவது வீண் வேலை. இப்போதைய போன்கள் இயல்பாகவே உண்மையான மெக் முகவரியைக் காட்டுவதில்லை.

இரவு ஒன்பதுக்கு கெஸ்டை நிறுத்தும் நேர அட்டவணை போடும் வீடுகள் உண்டு. தங்கி வேலை செய்பவருக்கு அதைச் செய்யாதீர்கள். மகனோ கணவரோ சவூதியில் இருந்தால், அங்கே இரவு எட்டு மணி என்பது இங்கே பத்தரை. துபாய் என்றால் ஒன்பதரை. வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு அவர்கள் அழைக்கும் நேரம் அதுதான். அதேபோல இமோ, பொட்டிம் என்று கேள்விப்படாத ஆப்களைப் பார்த்து மிரண்டு தடுக்க வேண்டாம். அமீரகத்தில் வட்ஸ்அப் கோல் முடங்கியிருப்பதால் அங்கிருப்பவர்கள் பொட்டிமில்தான் பேசுகிறார்கள்.

குசினிக்கு எட்டவில்லை என்றால்

பழைய பங்களா வீடுகளின் கருங்கல் சுவர் சிக்னலை விழுங்கிவிடும்; குசினியும் வேலையாள் அறையும் எப்போதும் பின்கட்டில். கெஸ்ட் வைஃபையை 2.4 கிகாஹேர்ட்ஸில் போடுங்கள், 5 கிகாஹேர்ட்ஸ் என்றால் இரண்டு கல்சுவரைத் தாண்டாது. 4ஜி ரவுட்டரைத் தகரக் கூரைக்குக் கீழே அலுமாரி மேல் வைப்பதும் கூடாது. கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னலில் வையுங்கள். வைஃபையை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் வாங்கினால் குசினியில் செருகாதீர்கள். சிக்னல் இல்லாத இடத்தில் அது எதைப் பெருக்கும்? பாதி வழியில், போனில் இரண்டு மூன்று கோடு காட்டும் இடத்தில் செருகி, கெஸ்ட் வைஃபையோடு சேர்த்துவிடுங்கள். வேகம் பாதியாகும், பரவாயில்லை.

அறை வெளியே தனியாக இருந்தால் வெளிப்பாவனைக்கான நெட்வொர்க் கேபிள் இழுக்கலாம், 100 மீட்டர் வரை. ஆனால் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி தொடங்கும் முன் இரு முனையையும் கழற்றிவிடுங்கள். செப்புக் கம்பி மின்னலை நேராக ரவுட்டருக்குள் கொண்டுவரும். பைபர் கம்பி கொண்டுவராது, ஆனால் கரண்ட் வயர் கொண்டுவரும். அந்தப் பிளக்கையும் கழற்றுங்கள்.

சொல்லிக்கொடுக்கும்போது

ஒளித்து மறைத்துக் கொடுக்காமல், முதல் நாளே தெளிவாகச் சொல்லுங்கள். "அக்கா, ஒங்களுக்குன்னு தனி வைஃபை போட்டிருக்கேன். கோல் எடுங்க, ஓய்வா இருக்கும்போது பாருங்க. சம்பளத்துல இதுக்கு ஒண்ணும் வெட்ட மாட்டேன். பிள்ளைங்களப் படம் புடிச்சி டிக்டொக்ல போட மட்டும் வேணாம்." இவ்வளவு போதும். அடுப்பு எரியும்போதும் குழந்தை குளிக்கும்போதும் போன் வேண்டாம் என்பதைக் காரணத்தோடு சொன்னால் யாரும் மனம் கோணமாட்டார்கள்.

வீட்டில் கெமரா இருந்தால் எங்கெங்கே என்று காட்டிவிடுங்கள். அவர் தங்கும் அறையில் கெமரா வைக்கவே கூடாது. ரவுட்டரில் எந்தத் தளத்துக்குப் போனார் என்று பார்க்கும் வசதி இருந்தாலும் அதைத் தொடாதீர்கள். தெரிய வேண்டியது மொத்த டேட்டா மட்டும், அது இணைப்புக் கம்பனியின் ஆப்பிலேயே இருக்கிறது. மோசடித் தளங்கள் பற்றிப் பயமாக இருந்தால் ரவுட்டரின் டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றிக் கொடுக்கும் சேவை) 1.1.1.2 ஆக மாற்றுங்கள், தெரிந்த தீங்குத் தளங்களை அது தடுக்கும். பெரும்பாலான ரவுட்டர்களில் இது முழு வீட்டுக்கும் பொருந்தும், நல்லதுதான். பரிசு விழுந்தது, கொடுப்பனவு வந்தது என்று வரும் லிங்கை அமுக்க வேண்டாம், ஓடிபியை யார் கேட்டாலும், நீங்களே கேட்டாலும், சொல்ல வேண்டாம் என்று ஒருமுறை உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் கெஸ்ட் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதும். அதோடு வீட்டு டெப்லெட்டிலோ டீவி யூடியூபிலோ அவருடைய கூகுள் கணக்கு திறந்திருக்கிறதா என்று அவர் முன்னாலேயே பார்த்து வெளியேற்றிவிடுங்கள். வட்ஸ்அப்பில் 'லிங்க்ட் டிவைசஸ்' பட்டியலில் உங்கள் கம்ப்யூட்டர் இருந்தால் அதையும் அவரே நீக்கட்டும்.